டி.என்.ஏ.யை வளைக்கும் பிளாட்டினம்

மந்தைவெளியிலிருந்து அடையாற்றைத் தாண்டினால், 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை வரும். இத்தகைய மருத்துவமனைகளில் நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக இறக்கும் மருந்துகளுள் ஒன்று சிஸ்பிளாட்டின். ஆம், நகைக்கடைப் பிளாட்டினம்தான்!

அதன் ஆற்றலைக் கண்டவர் அமெரிக்கரான ரோசன்பர்க். இயற்பியல் படித்தவர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை. பாக்டீரியா வளர்த்த நீரில் மின்சாரம் செலுத்தினார். அவை பிளவுபடாமல் நீண்டுகொண்டே போயின. காரணம், மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று 1965இல் அறிவித்தார்.

மூலக்கூறு ஒரு சதுரம். நடுவில் பிளாட்டினம், ஒரு பக்கத்து மூலைகளில் இரு குளோரின், மறுபக்கம் இரு அம்மோனியா. இரத்தத்தில் குளோரைடு மிகுதி. குளோரின் எளிதில் கழலாது. செல்லுக்குள் குறைவு, கழன்றுவிடும். காலியான இரு கைகளும் டி.என்.ஏ.யில் அடுத்தடுத்துள்ள இரு குவானைன்களைப் பற்ற, ஏணி வளைகிறது. அதைச் சரிவரப் படியெடுக்க முடியாமல் செல் மடிகிறது. குளோரின்களை எதிரெதிர் மூலைகளில் வைத்தாலோ அக்கைகள் அண்டைக் குவானைன்களுக்கு எட்டா. அதே அணுக்கள், ஆனால் மருந்தில்லை!

சிறுநீரகத்தையும் இம்மருந்து தாக்கும். அதனால் கூடவே உப்புநீரும் ஏற்றுகிறார்கள்.