பெட்டியடியும் ஒன்பது கட்டமும்

1930 வாக்கில் பர்மாவில் மட்டும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் சுமார் 1,650 இருந்தன. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை ரங்கூன் மொகல் தெருவிலோ, ஐராவதிக் கழிமுகத்தில் ஏதோ ஒரு நெல் ஊரிலோ இருக்கும். ஒரு கடிதம் போய்ச் சேரக் கப்பல் புறப்பட வேண்டும். அத்தனை தூரத்தில் தன் பணத்தையெல்லாம் இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு முதலாளி நிம்மதியாகத் தூங்கினார். அந்த இன்னொருவரைச் சின்னப் பையனாக இருந்தபோதிருந்து யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தார்கள் என்பதே அந்தத் தூக்கத்துக்குக் காரணம்.

கடையில் மேலாள் ஒருவர். அவருக்குக் கீழே அடுத்தாள், அப்புறம் பெட்டியடிப் பையன், சமையலாள். மேலாள்தான் முதலாளியின் ஏஜெண்ட். கடன் கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில். பையன் ஊரிலேயே வாய்ப்பாட்டை முடித்துவிட்டு வந்திருப்பான். ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரை பின்னம் மனப்பாடம். கடையில் முதல் வேலை கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, தபால் கொண்டு போவது. பிறகு கடித நகல், அதன் பிறகு வட்டிக் கணக்கு, பேரேடு.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளின் அமைப்பே இப்படி வேலை பழகுவதற்குத் தோதாக இருந்தது. நீளமான ஒரே கூடம். அதற்குள் பல கடைகள். ஒரு கடை என்பது சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுத ஒரு மரப்பெட்டி, சுவரோரம் ஓர் அலமாரி, விரித்துக்கொள்ள ஒரு பாய். பகலில் அதுவே ஆபீஸ், ராத்திரி அதுவே படுக்கை. கடன் கேட்டு வருகிறவரிடம் மேலாள் என்ன கேட்கிறார், எந்தப் பதிலில் யோசிக்கிறார், எப்படிக் கையை விரிக்கிறார் என்பதெல்லாம் பெட்டியடியில் இருந்த பையனின் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. பையன் எப்படி என்பது மேலாளுக்கும் தெரியாமல் போகாது. ராத்திரி கணக்கு இடித்தால் முகம் எப்படிப் போகிறது, சில்லறை மிஞ்சினால் சொல்கிறானா, வசூலுக்கு அனுப்பினால் சண்டை போட்டுத் திரும்புகிறானா, பணத்தோடு திரும்புகிறானா. தேறியவன் அடுத்தாள் ஆவான். மேலாள் வெளியூர் வசூலுக்குப் போகிற நாட்களில் கடை அவன் பொறுப்பு.

மேலாளின் தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே கிடைக்கும்; லாபத்திலும் பங்கு உண்டு. தவணை முடிந்தால் ஐந்தொகை எடுத்து, கணக்கை ஒப்படைத்து, ஊருக்குக் கப்பலேற வேண்டும். அடுத்தாளைத் தயார் செய்யாத மேலாளுக்கு நஷ்டம் தன் பங்கிலேயே விழும். ஆள் வளர்ப்பது தனியாக ஒரு புண்ணிய காரியமாக இல்லாமல், லாபத்தோடு கட்டப்பட்டிருந்தது. பங்கைச் சேர்த்துவைத்துத் தனிக்கடை போட்டவர்களும் உண்டு. அ. மு. முருகப்பச் செட்டியார் 14 வயதில் மாமாவின் பர்மா கடைக்கு வேலை பழகப் போனவர். 1900-ல் மோல்மேனில் அவர் தொடங்கிய தொழில்தான் இன்றைய முருகப்பா குழுமம். இந்த ஏணி செட்டியார் அல்லாதவர்களின் கடைகளுக்கும் பரவியது. 'புயலிலே ஒரு தோணி' எழுதிய ப. சிங்காரம் 1938-ல் மேடானுக்குப் போனதும் இப்படியொரு கடை வேலைக்குத்தான்.

இதைச் சொல்லும்போது கொஞ்சம் ஏக்கம் தொற்றிக்கொள்கிறது. அதை அப்படியே விடக்கூடாது. அந்தப் பெட்டியடிக்கு வரும் வழி குறுகல். உறவு, ஊர், கோயில் என்று ஏதோ ஒரு நூல் இருந்தால்தான் பையனுக்கு இடம். பெண்ணுக்கு இடமே இல்லை. வீட்டுக் கணக்கை ஆச்சி எவ்வளவு கெட்டியாகப் பார்த்தாலும் கடைக் கணக்கு அவர் பக்கம் வராது. மேலாளுக்குப் பிடிக்காமல் போன பையனுக்கு மேல்முறையீடும் கிடையாது.

1930-களின் நெல் விலைச் சரிவும், 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பும் பர்மாக் கடைகளை முடித்துவைத்தன. அதற்குள் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியிருந்தார். முதல் நாளே காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் கிளை. 1969-ல் அது தேசியமயமான 14 வங்கிகளில் ஒன்றானது. பெட்டியடி இருந்த இடத்தில் போட்டித் தேர்வு வந்து உட்கார்ந்தது. யாருடைய மகன், எந்தக் கோயில் என்று கேட்காமல் மதிப்பெண் பார்த்து ஆளெடுத்தார்கள். ஸ்டேட் வங்கியில் 1977-ல் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா 2013-ல் அதன் முதல் பெண் தலைவரானார். மொகல் தெரு எத்தனை கெட்டிக்கார மேலாளை உருவாக்கியிருந்தாலும் இப்படி ஒருவரை உருவாக்கியிருக்காது.

வாசல் அகலமானது. உள்ளே போனவரைப் பார்க்கிற கண்தான் தூரம் போய்விட்டது.

இன்றைய பெரிய தனியார் நிறுவனங்களில் வருங்காலத் தலைவரைத் தேட ஒன்பது கட்டம் போட்ட தாள் ஒன்று உண்டு. எந்தத் தொழிலில் முதலீடு செய்வது என்று முடிவெடுக்க 1970-களில் ஜெனரல் எலக்ட்ரிக்கும் மெக்கின்சியும் போட்ட கட்டம் அது, பின்னாளில் எச்.ஆர். துறை அதில் ஆட்களை வைத்தது. ஒரு பக்கம் இந்த வருஷ வேலை, இன்னொரு பக்கம் இனி வளரும் திறன். மேல் மூலையில் விழுந்தவர் 'ஹை பொட்டென்ஷியல்'. அவருக்குப் பயிற்சி முகாம், பெரிய புராஜெக்ட். கட்டத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது நமக்குப் புதிதல்ல. ஜாதகத்திலாவது பன்னிரண்டு கட்டம் உண்டு. வேலை என்கிற பக்கத்துக்கு எண்கள் இருக்கின்றன. வளரும் திறன் என்கிற பக்கத்தில் பெரும்பாலும் மேலதிகாரியின் அபிப்பிராயம்தான் எண்ணாக மாறி உட்கார்கிறது. அந்த அபிப்பிராயம் வாரம் ஒரு வீடியோ மீட்டிங்கில் பிறந்ததாகவும் இருக்கலாம்.

அரசு வங்கியில் கிளை மேலாளருக்கு இன்றும் ஏறக்குறைய மூன்று வருஷம்தான், அப்புறம் மாற்றல். ஆனால் தனக்குப் பின் வருகிறவர் யார் என்பது ஆர்டர் வரும் வரை அவருக்கே தெரியாது. சாவியும் கையெழுத்தும் ஓரிரு நாளில் கைமாறும். எந்தக் கடனாளி வாக்கு தவறமாட்டார் என்பது கைமாறாது. உதவி மேலாளரைப் பழக்கிவிட்டால் அவர் மதுரைக்கோ மீரட்டுக்கோ போய்விடுவார். பழக்கியவருக்கு அதில் ஒரு காசு லாபமில்லை.

உச்சியில் மட்டும் கவலை வந்திருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளின் இயக்குநர் குழு, தலைமைக்கு அடுத்து யார் என்ற ஏற்பாடு இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது செபி விதி. தனியார் வங்கியின் தலைமை நிர்வாகி ஒருவர் 15 வருஷத்துக்கு மேல் நாற்காலியில் இருக்க முடியாது என்று 2021-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. 2023 அக்டோபரில், தலைமை நிர்வாகியையும் சேர்த்துக் குறைந்தது இரண்டு முழுநேர இயக்குநர்களாவது தனியார் வங்கியில் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, அடுத்த தலைமையைத் தயார் செய்ய அது உதவும் என்று காரணமும் சொன்னது. மேலாளுக்குப் பக்கத்தில் ஓர் அடுத்தாள் இருக்கட்டும் என்று மொகல் தெருக் கடைக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பியதில்லை. கிளைகளுக்கு இன்னும் அப்படி ஒரு சுற்றறிக்கை வரவில்லை.