குதிரைக்கு வியர்க்குது, ஸார்!

சம்பளம் வாங்கிய மறுநாள் பைக் ஷோரூம் வாசலில் நின்று பெருமூச்சு விடுகிற வாலிபர்களில் சிலருக்கு, மனசுக்குள் இன்னொரு ஆசையும் இருக்கும். சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள் என்று வெளியே விட மாட்டார்கள். சொந்தமாக ஒரு குதிரை! எம்.ஜி.ஆர். படம் பார்த்து முளைத்து, 'முத்து'வில் ரஜினி குதிரை வண்டி ஓட்டியதைப் பார்த்து முற்றிப் போன ஆசை.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மார்வாரி, கத்தியவாரி என்று, காது இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று விசாரித்துக் கொள்கிற அழகுக் குதிரைகள். சுற்றிலும் கண் கொட்டாமல் நிற்கிற இளவட்டங்கள்!

வாங்கிவிடலாம் ஸார். கடனோ உடனோ பட்டு வாங்கிவிடலாம். அடுத்து ஒரு சித்திரை, வைகாசி வருமே... அப்போது என்ன செய்வதாக உத்தேசம்?

இது இன்று நேற்று வந்த கேள்வி இல்லை. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். கடல் வழியாக வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் ராஜா வாங்குவாராம். வருஷக் கடைசியில் எண்ணினால் 100 கூடத் தேறாதாம்! சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்களாம், புல் தின்கிற ஜீவனுக்கு. வைத்தியம் பார்க்க ஆளும் கிடையாது. குதிரை விற்ற வியாபாரிகளோ, வைத்தியம் தெரிந்த ஒருத்தரையும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க விடவில்லையாம். குதிரை பிழைத்துக் கொண்டால் அடுத்த வருஷம் ஆர்டர் வராதே! எந்த காமர்ஸ் புத்தகத்திலும் இல்லாத தந்திரம்!

போலோ கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாடம் அப்படியே இருக்கிறது. குதிரை வாங்கப் பணம் போதும். நம்ம ஊர்க் கோடையில் அதைக் காப்பாற்றப் பணம் மட்டும் போதாது.

உள்ளே ஓர் அடுப்பு

ஓடுகிற குதிரை செலவழிக்கிற சக்தியில் சுமார் கால் பங்குதான் ஓட்டமாகிறது. மிச்சமெல்லாம் சூடு! 400 கிலோ உடம்புக்குள் அடுப்பு எரிகிற மாதிரி. எடை நம்மைப் போல ஐந்தாறு மடங்கு. சூட்டை வெளியே தள்ள வேண்டிய தோலோ இரண்டு மூன்று மடங்குதான்.

நாய் மாதிரி நாக்கைத் தொங்கப் போட்டு சமாளிக்கக் குதிரைக்குத் தெரியாது. நம்மைப் போல வியர்த்துத் தள்ள வேண்டும். வெயிலில் கடுமையாக ஓடினால் மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வியர்வை போகும். கழுத்திலும் தொடையிலும் சோப்பு நுரை மாதிரி பொங்குகிறதே, அது வியர்வையில் இருக்கும் ஒரு புரதத்தின் வேலை. நம் வியர்வையைவிட அதில் உப்பும் அதிகம்.

ஒரு விபரீதமும் உண்டு. புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்த போலோ குதிரைகளும் பந்தயக் குதிரைகளும் இப்படி மூச்சிரைத்து நின்றதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் குழம்பிப் போனார்கள். ஆகவே, கோடையில் குதிரைக்கு வியர்க்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள்!

150 கணக்கு

பல நாட்டுக் குதிரைக்காரர்கள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்துக் கொள்ளுங்கள். காற்றின் ஈரப்பதம் எத்தனை சதவிகிதமோ அதைக் கூட்டுங்கள். 150-ஐத் தாண்டினால் உஷார். 180-ஐத் தாண்டினால் சேணத்தையே தொடாதீர்கள்.

சென்னை மாதிரி கடற்கரை ஊரில் மே மாசக் காலை என்று வையுங்கள். 29 டிகிரி செல்ஷியஸ் என்றால் ஃபாரன்ஹீட்டில் 84. ஈரப்பதம் 80. மொத்தம் 164! பொழுது விடியும்போதே எல்லை தாண்டியாச்சு. மதியம் ஈரப்பதம் குறைவதால் கூட்டுத்தொகை குறையலாம். உடனே, "அப்போ மத்தியானம் கிளம்பலாமே" என்று கேட்காதீர்கள். தலைக்கு மேல் கொளுத்துகிற வெயில் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த லட்சணத்தில்தான் பகல் இரண்டு மணிக்குத் தார் ரோட்டில் குதிரையை விரட்டி ரீல்ஸ் எடுக்கிறார்கள் சிலர். மேலே வெயில், கீழே தார், முதுகில் 70 கிலோ ஹீரோ. குதிரைக்குப் பேச வராது என்கிற ஒரே தைரியம்தான்!

யாருக்கு டிரெயினிங்?

கோவைப் பக்கம் நண்பர் ஒருவர். ஆபீஸ் உத்தியோகம். வீட்டுத் தோட்டத்தில் ஒரு மார்வாரிப் பெண் குதிரையும், வயசான மட்டக்குதிரை ஒன்றும் வைத்திருக்கிறார். கோடையில் அவர் டைம்டேபிள் இது. காலை ஐந்தரைக்கு லாயம். முதல் கால் மணி நேரம் வெறும் நடை. பிறகு நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டம். இடப்பக்கம் பத்து சுற்று என்றால் வலப்பக்கமும் பத்து. ஒரே பக்கம் பழக்கினால் குதிரை ஒரு பக்கமாகவே வளைந்து போகும். அப்புறம் சேணம் போட்டு இருபதே நிமிஷம். மெதுவான ஓட்டம், நிற்பது, பின்னால் நகர்வது. ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நிறுத்தக் கடிவாளத்தை லேசாக இழுக்கிறார். குதிரை நின்ற அதே விநாடி கையைத் தளர்த்துகிறார். அந்தத் தளர்வுதான் பரிசு, அதுதான் பாராட்டு. ஒரு விநாடி தாமதித்தால் எதற்குப் பாராட்டு என்று அதற்குப் புரியாது. கோபத்தோடு குதிரைப் பக்கம் போகாதே என்று கி.மு. 4-ம் நூற்றாண்டிலேயே கிரேக்க நாட்டு ஸெனஃபன் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஆபீஸ் கடுப்பைத் தூக்கிட்டுப் போனா, ஏறவே விடாதுங்க" என்று சிரிக்கிறார் நண்பர். "நான்தான் அதைப் பழக்கறேன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க. ஒரு கோடை முடிஞ்சப்பத்தான் தெரிஞ்சுது, அது என்னைப் பழக்கிட்டிருக்குதுன்னு! இப்ப ராத்திரி ஒம்போதரைக்குத் தூங்கிடறேன்."

தண்ணீர்... தண்ணீர்!

சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சதை பிடித்துக் கொள்ளும் என்று வெளிநாட்டிலும் ரொம்ப காலம் நம்பினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் புழுக்கத்தை நினைத்துப் பயந்து முன்கூட்டியே ஆராய்ச்சி செய்தார்கள். குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க விடாமல் ஊற்றினால் சூடு சீக்கிரம் இறங்குகிறது, கெடுதல் இல்லை என்று தெரிந்தது. 2021-ல் டோக்கியோவில் நம்ம பெங்களூர் ஃபவாத் மிர்ஸா கலந்து கொண்ட குதிரையேற்றத்திலும், ஓட்டப் பகுதியைக் காலையிலேயே வைத்துக் கொண்டார்கள். ஒலிம்பிக் குதிரைக்கே உச்சி வெயிலில் ரெஸ்ட்!

குடிக்கவும் தண்ணீர் வேண்டும். சாதாரண நாளிலேயே 25 முதல் 50 லிட்டர். கோடையில் இன்னும் மேலே. கூடவே உப்பு. தண்ணீர் குறைந்தால் தீவனம் குடலில் இறுகி வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அந்த வலி உயிரையே வாங்கிவிடும்.

சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 8 முதல் 16 மூச்சு, 28 முதல் 44 நாடித் துடிப்பு. சூடு 38.5 டிகிரி செல்ஷியஸுக்குள். மணிபர்ஸில் எழுதி வைத்துக் கொள்ள வேண்டிய கணக்கு இது. சவாரி முடிந்து பத்து, பதினைந்து நிமிஷமாகியும் மூச்சு இறங்கவில்லை என்றால் நிழல், தண்ணீர், டாக்டர். 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதம் கூடாது.

செலவுக் கணக்கு

400 கிலோ குதிரைக்கு தினம் ஆறு முதல் எட்டு கிலோ காய்ந்த தீவனம். மாசத்துக்கு 180 முதல் 240 கிலோ! கொள்ளு தனி. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடக்காரர். பைக்கைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போகலாம், பெட்ரோல் கேட்காது. இது நீங்கள் லீவு போட்டாலும் சாப்பிடும்!

இவ்வளவும் சொல்வது ஆசையைக் கெடுக்க இல்லை ஸார். ஒரே ஒரு மே மாசம், யாருடைய லாயத்துக்காவது காலை ஐந்தரைக்குப் போய் லத்தி அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், தேய்த்து விடுங்கள், கயிற்றைப் பிடித்துக் கொண்டு கூடவே நடங்கள். ஏறக்கூட வேண்டாம். மாசக் கடைசியில், உங்கள் காலடிச் சத்தம் கேட்டதுமே அது காதைத் திருப்பும். அதைப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லையா? ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தியூர் பஸ்ஸுக்குச் சில்லறை சேர்க்க ஆரம்பியுங்கள்!