பழைய வேனும் புதிய ஸ்டார்ட்டரும்

பெரியதொரு காரியத்தைத் தொடங்கிவைத்து, அது நடக்கத் தொடங்கியவுடன் தான் விலகிக்கொள்ளும் கருவிகள் சில உண்டு. மோட்டார் வண்டியின் ஸ்டார்ட்டர் அவற்றுள் ஒன்று. அது உழைப்பது நாளொன்றுக்குச் சில விநாடிகளே. எனினும் அச்சில விநாடிகளில் அது உழைக்க மறுப்பின், மற்றெல்லா உறுப்புகளும் செவ்வையாய் இருந்தும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காசிமேட்டில் மீன் ஏற்றப் பொழுது விடியுமுன் புறப்படும் வேனும், இராயபுரத்துச் சந்துகளில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனும் அவ்வாறு நின்றுவிட்டால், அன்றைய வருமானமும் உடன் நின்றுவிடும். ஆதலின் ஸ்டார்ட்டர் இயங்கும் முறையையும், அதன் பழுதை அறியும் வழியையும், அதனை வீட்டிலேயே மாற்றும் விதத்தையும் இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

ஆதியில் மோட்டார் வண்டியின் முன்புறத்தில் ஓர் இரும்பு ஹாண்டிலைச் செருகிக் கையாற் சுழற்றியே இஞ்சினைக் கிளப்பினர். இஞ்சின் சில வேளை எதிர்ப்புறமாய்த் திருப்பி அடிக்க, சுழற்றியவர் கை முறிவதும் உண்டு. அமெரிக்காவிற் சார்ல்ஸ் கெட்டரிங் என்பார் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்று இத்துன்பத்தை நீக்கிற்று. கடைகளிற் பணம் பதியும் யந்திரத்திற்கு மின்சார மோட்டார் பொருத்திய அனுபவம் அவருக்கு முன்னரே இருந்தது. இடைவிடாது உழைக்கும் மோட்டார் உருவிற் பெரிதாயிருத்தல் வேண்டும். சில விநாடி உழைத்து ஓய்வதோ சிறிதாயிருந்தே பெரும்பளுவை ஏற்கும் என்பது அவர் பயன்படுத்திய உண்மை.

நம் வட சென்னை இத்தொழிலுக்குப் புதிதன்று. 1948-இல் நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூரில் ஆஸ்டின் கார்களை இணைத்து வெளியிட்டது; அதுவே 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே ஆண்டில் என்பீல்டு கம்பெனி தோன்றித் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யலாயிற்று. பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். ஸ்தாபனம் 1961 முதல் வண்டிகளின் மின்சார உறுப்புகளைச் செய்து வருகின்றது. ஸ்டார்ட்டர் அவற்றுள் முக்கியமானது.

உதாரணமாக ஆம்னி வேனை எடுத்துக்கொள்வோம். 1984-இல் மாருதி வேன் என வெளிவந்து, பின்னர் ஆம்னி எனப் பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நின்ற இவ்வண்டியில், மூன்று சிலிண்டர்களையுடைய 796 சி.சி. இஞ்சின் முன் ஆசனங்களின் அடியில் அமைந்துள்ளது. இஞ்சினும் கியர் பெட்டியும் சேருமிடத்தில் ஸ்டார்ட்டர் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும்.

சாவியைத் திருப்பியவுடன் மெல்லிய கம்பி வழியே சிறு மின்னோட்டம் சோலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்சை அடைகின்றது. அது ஒரே இழுப்பில் இரண்டு வேலைகளைச் செய்கின்றது: பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தைத் தள்ளிப் பிளைவீலின் பெரிய பல்வளையத்தோடு கோக்கின்றது; உடனே பாட்டரியின் தடித்த கேபிளை மோட்டாரோடு இணைக்கின்றது. அப்பொழுது நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் சுழல்கின்றது. பினியன் பத்துச் சுற்றுக்கு மேற் சுற்றினாலன்றிப் பிளைவீல் ஒரு சுற்றுச் சுற்றாது. ஆகையால் சிறிய மோட்டாரின் வலிமை பன்மடங்காகின்றது. இஞ்சின் கிளம்பிச் சாவியை விட்டதும் பினியன் பின்வாங்கிவிடும்.

இத்துணை மின்னோட்டம் செல்லும் பாதையில் ஓர் இணைப்பிலே சிறிது துரு ஏறினும் போதும், மோட்டாருக்குப் போகவேண்டிய விசை அங்கேயே வெப்பமாய் வீணாகும். கடற்காற்றின் உப்பு நம் பகுதியிலே பாட்டரி முனைகளையும், இஞ்சினை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டையையும் விரைவில் அரித்துவிடுகின்றது. 2015, 2023 ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளம் போன்றவற்றில் நின்ற வண்டிகளுக்கு இக்கேடு இன்னும் மிகுதி. எனவே பாதையைச் சோதியாது ஸ்டார்ட்டரைக் குற்றவாளியென்று தீர்ப்பது நியாயமன்று. பாதையின் குற்றத்துக்கு மோட்டாரை மாற்றிப் பல ஆயிரம் ரூபாய் இழந்தபின், வண்டி மறுநாளும் கிளம்பாதிருக்கக் காண்பவர் பலர்.

சோதனை எளிது. பாட்டரி நிறைந்திருந்தால், ஓய்வில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவு காட்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்பட்டும். அப்போது பாட்டரியிற் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும், ‘டக் டக்’ என்று தொடர்ந்து ஒலித்தாலும் பாட்டரியையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். பின்னர் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றை இஞ்சினின் துருவற்ற உலோகத்திலும் வைத்து, மீண்டும் சாவியைத் திருப்புக. அரை வோல்ட்டுக்கு மேற் காட்டினால் குற்றம் எர்த் பாதையிலே உள்ளது. உப்புக்காகிதத்தால் தேய்த்து, இறுக முடுக்கினாற் சரியாகும். பாதை முழுதும் செம்மையாயிருந்தும் ஒரே ஒரு ‘டக்’ ஒலியோடு நின்றுவிட்டால் சோலினாய்டின் தொடுமுனைகளோ, மோட்டாரின் கார்பன்களோ தேய்ந்தன எனலாம். மோட்டார் மட்டும் வீணே சுழன்று இஞ்சின் அசையாவிடின் பினியனைச் சேர்ந்த கிளட்ச் கெட்டது. ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டிய சமயம் அப்பொழுதே வரும்.

கழற்றுமுன் செய்யத்தக்கவை இரண்டு உள. முதலாவது, பாட்டரியின் நெகட்டிவ் கேபிளை நீக்குதல். நெகட்டிவ் முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருத்தலின், அதனை விடுத்துப் பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும், கை வேகும். நெகட்டிவ் நீங்கியபின் அவ்வச்சம் இல்லை. இரண்டாவது, வண்டியின் அடியிற் செல்லவேண்டின், சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் அதனை இருத்துதல். ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கன்று. ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் படுத்தவர் உயிரிழந்ததுண்டு. ஸ்குரூடிரைவரால் சோலினாய்டின் இருமுனைகளைச் சேர்த்து இஞ்சினைக் கிளப்பும் வழக்கமும் கொடியது. வண்டி கியரில் இருந்தால், கீழிருப்பவர்மேல் ஏறிவிடும்.

இனி வேலை கடினமன்று. தடித்த கேபிளையும் மெல்லிய கம்பியையும் அவை இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு கழற்றுக. துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டிருத்தல் நலம். கடைசிப் போல்ட்டைக் கழற்றும்போது மற்றொரு கையால் ஸ்டார்ட்டரைத் தாங்கிக்கொள்க. சில கிலோ எடையுள்ள அது முகத்தில் விழலாகாது. பிளைவீலின் பற்களையும் விளக்கிட்டுப் பார்த்துவிடுக. அவை தேய்ந்திருப்பின் புதிய பினியனும் விரைவிற் கெடும். புதியதாயினும், புதுப்பேட்டையில் வாங்கிய பழையதாயினும், பினியன் பற்களின் எண்ணிக்கையும் போல்ட் துளைகளின் இடமும் பழையதோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே பொருத்துக. கார்பன் மட்டும் தேய்ந்திருப்பின், அதை மாற்றிப் பழையதையே பயன்கொள்ளலாம்.

பொருத்துமிடத்துத் துருவையும் எண்ணெயையும் துடைத்தெடுத்தல் அவசியம். ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் அதன் உடல் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகின்றது. கழற்றிய முறைக்கு மாறாகச் சேர்த்து, நெகட்டிவ் கேபிளைக் கடைசியில் இணைக்க வேண்டும். முனைகளின்மேற் சிறிது வாஸலின் பூசினால் உப்புக்காற்று அணுகாது. பின்னர் சாவியைத் திருப்பும்போது பத்து விநாடிக்கு மேற் பிடியாது, கிளம்பாவிடின் ஒரு நிமிஷம் ஓயவிடுக. சிறு மோட்டார் பெரும்பளுவைச் சுமப்பது அவ்வோய்வை நம்பியே என்று முன்னர்க் கண்டோம்.

நம் மாணவருட் பலர் இவ்வாறு வண்டியோட்டிப் பிழைக்கும் குடும்பத்தினர். அரை நாள் உழைப்பும் சிறிது பொறுமையும் இருப்பின், இவ்வேலையை அவர்களே தம் வாசலிற் செய்துகொள்ளலாம். கற்ற மின்சார பாடம் தந்தையின் வேனைக் கிளப்பும் நாளில், அக்கல்வி பயனுடையதாயிற்று என்று வீட்டார் கண்ணாரக் காண்பர்.