போர் ஓய்ந்த பின் அண்டை நாடு: பாக் நீரிணையின் இரு கரைகளும் நாமும்

அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டையில் கடல் கிடையாது. சுற்றிலும் முந்திரித் தோப்புகள்தான். அங்கிருந்து பார்த்தால் இலங்கை வெகு தூரத்து நாடாகத் தெரியலாம். ஆனால் பக்கத்துப் பெரம்பலூரின் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில்தான் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு அறிவித்தது. அப்போது மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் அதிகமானோர் இருந்தார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே திருமணமாகி, பேரன் பேத்தி கண்டவர்கள் அவர்களில் உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை என்பதையும் நாம் மறந்துவிட முடியாது.

இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. துப்பாக்கி ஓய்வது ஒன்று, வாழ்க்கை திரும்புவது வேறொன்று. இரண்டாவதில் அண்டை நாட்டின் பங்கு பெரிது. அந்தப் பங்கு எங்கே பலன் தந்தது, எங்கே தடுமாறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

பலன் தந்தவை கண்ணுக்குத் தெரிகின்றன. 2010-ல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகள் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்கு, கிழக்குக்கும் 4,000 மலையகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. வடக்கில் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடந்த ரயில் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் மீண்டும் போட்டது. 2014 அக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் போனது. 2022 பொருளாதார நெருக்கடியில் இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழக அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முடிவு செய்தது. அதில் ஒரு சேதி உண்டு. தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்க வேண்டாம், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள், அப்படியே செய்யப்பட்டது. போரில் இழந்தவர்களிடமிருந்து வந்த இந்த வார்த்தைக்கு எடை அதிகம் என்று கருதுகிறோம்.

அடுத்தது நம் சமுதாயம் அதிகம் பேசாத ஒரு பக்கம். 1990 அக்டோபர் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30 அன்று ஒஸ்மானியா கல்லூரி மைதானத்தில் கூடச் சொல்லி, இரண்டு மணி நேர அவகாசம் தந்தார்கள். வடக்கிலிருந்து சுமார் 75,000 பேர் வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டு நடந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தங்கினார்கள்.

போர் முடிந்ததும் திரும்பலாம் என்றார்கள். ஆனால் இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போய்விட்டன. அன்று ஒரு வீட்டில் இருந்த ஒரு குடும்பம் இன்று நான்கு குடும்பம். காணி மட்டும் அதே ஒன்றுதான். சிலருடைய காணியில் வேறு ஆட்கள், சிலருடையதில் காடு. காட்டை வெட்டிக் குடியேறினால் வில்பத்து வனத்தை அழிக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு. வீட்டு உதவிக்குக் காணிப் பத்திரமும் நிரந்தர வசிப்பிடமும் கேட்டால், புத்தளத்தில் பதிந்தவர் எதைக் காட்டுவார்? அண்டை நாடு பணம் தரலாம். பட்டியலில் யார் பெயர் வரும் என்பதை உள்ளூர் அலுவலகமே தீர்மானிக்கிறது. மீள்குடியேற்றத்தின் சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கடலிலும் இதே கதை, இன்னும் கசப்பாக. போர்க் காலத்தில் யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள் கடலுக்குள் போகவே கட்டுப்பாடு இருந்தது. 2009-க்குப் பிறகு வலையைச் சரிசெய்து இறங்கியவர்களின் கண்முன் தமிழகத்து இழுவைப் படகுகள் நின்றன. அடிமடியில் தரையைச் சுரண்டும் இழுவை வலை மீன்குஞ்சையும் விடாது. அவர்கள் விரித்த வலையையும் அறுத்துவிடும். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது, மறு ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் கூட்டியது. இங்கே நம் மீனவர்கள் கைதாகிறார்கள். 2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர். படகு பறிபோனால் கடன் நிற்கும். இரு பக்கமும் தமிழ் பேசும் ஏழைகள். இராமேஸ்வரத்துக் கண்ணீரை மட்டும் எழுதிவிட்டு மன்னாரின் பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இதற்கு வழி இல்லாமலில்லை. 2014-ல் ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசினார்கள். 2016-ல் அரசுகளின் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. இழுவைப் படகுக்குப் பதிலாக ஆழ்கடல் மீன்பிடிப் படகு வாங்க 2017-ல் மானியத் திட்டம் வந்தது. கடன் சுமையாலும் பழக்கமின்மையாலும் எதிர்பார்த்த வேகம் இல்லை. 2025 மார்ச்சில் தமிழக மீனவர்கள் வவுனியா போய் மறுபடி பேசினார்கள்.

போஸ்னியாவை நினைத்துப் பாருங்கள். 1995-ல் அங்கே போர் முடிந்தபோது எதிரெதிராக நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பவில்லை. ஆனால் சாவா என்ற ஆறு அவர்கள் நாடுகள் வழியே ஓடியது. போஸ்னியா, குரோஷியா, செர்பியா அடங்கிய அன்றைய யூகோஸ்லாவியா, ஸ்லோவேனியா நான்கும் 2002 டிசம்பரில் அந்த ஆற்றுக்காக ஒப்பந்தம் போட்டன. படகுப் போக்குவரத்து, வெள்ளம், நீர் மாசு என்று அலுப்பூட்டும் விஷயங்கள்தான். குரோஷியாவின் ஸாக்ரப் நகரில் அதற்கு அலுவலகம் வந்தது. பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும் என்று காத்திருந்தால் ஆற்றில் ஒரு படகும் ஓடியிருக்காது. பாக் நீரிணைக்கு அப்படி இரு நாட்டு மீனவர்களும் உட்காரும் நிரந்தர அமைப்பு இன்றுவரை இல்லை.

போக்குவரத்து மட்டும் மெல்லத் திறக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்து கொழும்பில் கடை வைத்த குடும்பங்களுக்கும், நாகூர் கந்தூரிக்கு வந்துபோன இலங்கைக் குடும்பங்களுக்கும் இந்தக் கடல் ஒரு காலத்தில் தெருவைக் கடப்பது போல. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் மீண்டும் ஓடியது. மழைக்காலத்தில் நிற்கும், பிறகு புறப்படும். யாழ்ப்பாண விமான நிலையம் 2019-ல் திறந்து, கொரோனாவில் மூடி, 2022 டிசம்பரில் மறுபடி சென்னை விமானத்தை ஏற்றது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் தொடங்கியது. வரதராஜன்பேட்டைக்காரருக்கும் அந்த விமான நிலையம் கைக்கெட்டும் தூரம்தான். துறைமங்கலம் முகாமில் இருப்பவர் அதே விமானத்தில் ஏறி ஊரைப் பார்த்துவர வேண்டுமானால், முதலில் அவர் கையில் ஒரு நாட்டின் கடவுச்சீட்டு இருக்க வேண்டும்.