ஓம்புயிரி – நோய்க்காரணிப் பட்டியல்களை வாசித்தல்: குலைநோய்ப் பூசணத்தை முன்வைத்து

முன்னுரை

எப்பயிரை எந்நோய்க்காரணி தாக்குகிறது என்பதைத் தொகுத்துரைக்கும் பட்டியல்கள் தாவர நோயியலின் அடிப்படைக் கருவிகளாகும். பயிர்ச்சுழற்சி, விதை இறக்குமதிக் கட்டுப்பாடு, வரப்போரக் களையகற்றல் ஆகியன குறித்த பரிந்துரைகள் இவற்றைச் சான்றாகக் கொள்கின்றன. அத்தகைய பட்டியலின் ஒரு வரி எதனை உறுதிப்படுத்துகிறது, எதனை உறுதிப்படுத்துவதில்லை என்பதை நெல், கேழ்வரகு ஆகியவற்றின் குலைநோய் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியப் பட்டியல்கள்

பட்லர், பிஸ்பி ஆகிய இருவரும் 1931-இல் வெளியிட்ட 'இந்தியப் பூசணங்கள்' என்னும் நூல் இத்துறையின் முதன்மைத் தொகுப்பாகும். இதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து கே. ராமகிருஷ்ணன், சி.வி. சுப்பிரமணியன் ஆகியோர் 1952-இல் ஓர் இணைப்புப் பட்டியல் வெளியிட்டனர். மூலநூலின் திருத்தப் பதிப்பை வாசுதேவா 1960-இல் கொணர்ந்தார். இப்பட்டியல்களில் பூசணத்தின் பெயர், அது காணப்பெற்ற தாவரம், இடம் ஆகியன பதிவாகின்றன. எனவே ஒவ்வொரு வரியும் 'இப்பூசணம் இத்தாவரத்தின்மீது இவ்விடத்தில் காணப்பெற்றது' என்னும் கூற்றேயாகும். அத்தாவரத்திலிருந்து பிறிதொரு பயிருக்கு நோய் பரவும் என்பது அதில் அடங்குவதில்லை.

பெயர் மாற்றம்

நெற்குலைநோய்ப் பூசணத்திற்கு இத்தாலிய அறிஞர் கவாரா பைரிகுலேரியா ஒரைசே எனப் பெயரிட்டார். தினையைத் தாக்குவது பைரிகுலேரியா செட்டேரியே எனவும், கேழ்வரகைத் தாக்குவது பைரிகுலேரியா கிரிசியா எனவும் குறிக்கப்பெற்றன. வித்துகளின் வடிவில் வேறுபாடு காண இயலாமையால் 1990-இல் நெற்பூசணமும் கிரிசியா என்னும் பெயருக்குள் அடக்கப்பெற்றது. 2002-இல் கவுச், கோன் ஆகியோர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, நெல் முதலிய பயிர்களைத் தாக்கும் இனத்தை மீண்டும் பிரித்தனர். கிரிசியா என்னும் பெயர் டிஜிட்டேரியா பேரினப் புற்களைத் தாக்கும் இனத்திற்கு உரியதாயிற்று.

இதன் விளைவு கருதத்தக்கது. 'கிரிசியா' என்னும் ஒரே சொல் 1980-இல் ஒரு பொருளையும், 1995-இல் வேறொரு பொருளையும், இன்று மூன்றாவது பொருளையும் தருகிறது. பல இந்திய வேளாண் நூல்களில் கேழ்வரகுக் குலைநோய் இன்றும் இப்பெயரிலேயே இடம்பெறுகிறது. ஆண்டு நோக்காமல் பதிவுகளை ஒன்றிணைப்பவர், வரப்பிலுள்ள டிஜிட்டேரியாப் புல்லே கேழ்வரகு நோயின் ஊற்று எனத் தவறாக முடிவு செய்ய நேரும்.

ஓம்புயிரி வரையறை

இன்றைய வகைப்பாட்டில் நெல், தினை, கேழ்வரகு, கோதுமை ஆகிய நான்கையும் தாக்குவது பைரிகுலேரியா ஒரைசே என்னும் ஒரே இனமாகும். ஆனால் அதனுள் ஒவ்வொரு பயிரையும் சார்ந்து தனித்தனி மரபுக்கிளைகள் உள்ளன. நெல்லிலிருந்து எடுக்கப்பெற்ற பூசணம் வயற்சூழலில் கேழ்வரகை எளிதில் தாக்குவதில்லை. சென்னை மாகாணத்துப் பைரிகுலேரியாப் பேரினத்தின் ஒட்டுண்ணித் தன்மையை டி.எஸ். ராமகிருஷ்ணன் 1948-இலேயே ஆராய்ந்துள்ளமை நினைவுகூரத்தக்கது. வித்துகளைச் செயற்கையாகத் தெளித்து ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும் நோயையும் வயலில் இயல்பாகக் கண்ட நோயையும் பட்டியல் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும்.

இனப்பெயரோடு நின்றுவிடும் பதிவின் குறையைக் கோதுமைக் குலைநோய் உணர்த்துகிறது. 1985-இல் பிரேசிலில் கண்டறியப்பெற்ற இந்நோய் 2016-இல் வங்கதேசத்தில் தோன்றியது. நெற்குலைநோய் அந்நாட்டில் முன்னரே இருந்தது. ஆகவே இனப்பெயர் அளவில் பட்டியலுக்குப் புதுமை ஏதுமில்லை. மரபணு ஆய்வே அது தென்னமெரிக்கக் கிளையைச் சார்ந்தது என்று காட்டிற்று.

தமிழ்ப்பெயர்கள்

தமிழில் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் 'குலைநோய்' என்னும் ஒரே பெயர் வழங்குகிறது. இப்பெயர் நோயின் தோற்றத்தைக் குறிப்பதேயன்றிக் காரணியின் கிளையைக் குறிப்பதன்று. 'இலைப்புள்ளி', 'வாடல்' போன்ற பெயர்களும் பல்வேறு காரணிகளுக்குப் பொதுவானவை. தமிழ் வேளாண் நூல்களிலிருந்து தரவு திரட்டுவோர் பயிர்ப்பெயரையும் நூல் வெளிவந்த ஆண்டையும் சேர்த்தே குறித்தல் இன்றியமையாதது.

முடிவுரை

பதிவான காலத்துப் பெயர், இன்றைய பெயர், ஓம்புயிரி, இடம், ஆண்டு, நோய் இயல்பாகக் காணப்பெற்றதா செயற்கையாக உண்டாக்கப்பெற்றதா என்னும் குறிப்பு, பாதுகாக்கப்பெற்ற மாதிரியின் எண் ஆகியன ஒருங்கே இருப்பின் பழைய பதிவு பயனுடையதாகும். பெயர்கள் மீண்டும் மாறக்கூடும். மாதிரி காக்கப்பெற்றிருப்பின் அதனை மறுபடி ஆராய்ந்து பதிவைத் திருத்த இயலும். மாதிரி இல்லாத வரியைத் திருத்த வழியில்லை.