எரியாத விளக்குதான் துப்பு! ஆட்டோமேட்டிக் கேட் மக்கர் செய்தால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் நேரம். ரிமோட்டை அழுத்தியதும் கேட்டின் இரண்டு கதவுகளும் அழகாக விரிந்து திறக்கின்றன. கார் வெளியே வருகிறது. மறுபடி ரிமோட்டை அழுத்தினால் கேட் அசையவில்லை. இறங்கி வந்து, கிட்டத்தில் நின்று, ரிமோட்டைத் தட்டிப் பார்த்து அழுத்தினாலும் அதே கதைதான். பஞ்ச் செய்ய இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. உள்ளே வயதான அம்மாவும் பிள்ளைகளும். தெருவைப் பார்த்து ஆவென்று திறந்து கிடக்கும் கேட்டை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை 2010-லும், டெய்ம்லரின் லாரி ஆலை 2012-லும் வந்தன. ஆலைகளைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், படப்பை வரை வீடுகளும் வந்துவிட்டன. தனி வீடு, கார், கூடவே ரிமோட்டில் திறக்கும் ஸ்விங் கேட். மாட்டிய நாளில் பெருமையாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில்தான் அதன் குணம் தெரியும்.

மெக்கானிக்குக்கு போன் போட்டால் நாளைக்கு வருவதாகச் சொல்வார். ஆனால், என்ன கோளாறு என்பதை கேட்டே சொல்லிவிடுகிறது. தூணுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் கன்ட்ரோல் பாக்ஸுக்குள், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய போர்டில், வரிசையாகக் கடுகு அளவு எல்இடி விளக்குகள் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

சிவப்பைப் பார்த்து பயப்படாதீர்கள்

ஒரகடம் பக்கம் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்கு பாஷை புதிதல்ல. ஒவ்வொரு மெஷினின் தலையிலும் டவர் லைட் இருக்கும். பச்சை என்றால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் நின்றுவிட்டது, ஓடி வா. லைனில் சிக்கல் வந்தால் எரியும் பலகைக்கு 'ஆண்டான்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு ஏதோ முதலாளியைச் சொல்வதுபோலக் கேட்டாலும், ஜப்பானிய மொழியில் அது காகித விளக்கைக் குறிக்கும் சொல்.

எட்டு மணி நேரம் இந்த விளக்குகளுக்குக் கட்டுப்பட்டு வேலை பார்த்தவர், வீட்டு கேட்டின் பாக்ஸைத் திறந்தால் குழம்பிப்போவார். அங்கே நான்கைந்து சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். அத்தனையும் கோளாறு போலிருக்கிறதே என்று தோன்றும். உண்மையில், பல போர்டுகளில் அந்தச் சிவப்பு எரிவதுதான் நலம். அணைந்திருக்கும் விளக்கைத்தான் தேட வேண்டும்.

ஏன் இப்படித் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்? பக்கத்து ஊரான காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் காரணம் சட்டென்று புரியும். நூல் அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போனால் துணி பாழ். 1924-ல் ஜப்பானில் சகிச்சி டொயோடா உருவாக்கிய 'ஜி டைப்' தானியங்கித் தறி, நூல் அறுந்ததும் தானாகவே நின்றுவிடும். அவருடைய குடும்பம்தான் பின்னாளில் டொயோட்டா கார் கம்பெனியைத் தொடங்கியது. கேட்டிலும் அதே யோசனைதான். பாதுகாப்பு சென்சாரிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். குறுக்கே குழந்தை வந்தாலும், ஒயர் அறுந்தாலும், சென்சார் செத்துப்போனாலும் அந்த ஓட்டம் நின்றுவிடும், விளக்கு அணையும். கேட் மூட மறுக்கும். மெக்கானிக்குகள் இதை 'என்.சி.' என்பார்கள். நார்மலி க்ளோஸ்டு என்பதன் சுருக்கம்.

திறக்கச் சொல்லும் பட்டன்கள் இதற்கு நேர் எதிர். அவை 'என்.ஓ.', அதாவது நார்மலி ஓப்பன். சும்மா இருக்கும்போது அணைந்திருக்கும், அழுத்தும்போது மட்டும் எரியும். ஆக, ஒரே போர்டில் சில விளக்குகள் எரிய வேண்டும், சில அணைந்திருக்க வேண்டும். எது எது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் நல்ல ரிமோட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பார்க்கலாம், தொடக் கூடாது

ஒரு எச்சரிக்கை. அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது. மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பிறகு ஆன் செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்று பாருங்கள். மழை பெய்யும்போதும், ஈரக்கையோடும், வெறுங்காலோடும் இந்த வேலையே வேண்டாம். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். சரியானதும் கேட் திடீரென்று நகரலாம்.

போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லையா? சென்சாரைத் தேடிப் போக வேண்டாம். எம்சிபி இறங்கியிருக்கலாம், இடி மின்னலில் ஃப்யூஸ் போயிருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருக்கலாம். எம்சிபியை ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம். மறுபடி இறங்கினால் விட்டுவிடுங்கள், அது எலெக்ட்ரீஷியன் வேலை.

விளக்குகள் எரிகின்றன என்றால், அடுத்து ரிமோட். பல போர்டுகளில் ரேடியோ சிக்னல் வந்ததும் கண் சிமிட்ட ஒரு விளக்கு இருக்கும். ரிமோட்டை அழுத்தும்போது அது சிமிட்டினால் ரிமோட்டில் தப்பில்லை. சிமிட்டவே இல்லையென்றால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான்.

ரிமோட் நன்றாக இருந்தும் கேட் எதற்குமே அசையவில்லை என்றால் 'ஸ்டார்ட்' என்று எழுதியிருக்கும் விளக்கைப் பாருங்கள். யாரும் எதையும் அழுத்தாமலே அது எரிந்துகொண்டிருந்தால், வெளிச் சுவரில் இருக்கும் பட்டனுக்குள் தண்ணீர் புகுந்திருக்க வாய்ப்பு உண்டு. யாரோ விடாமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதாக போர்டு நினைத்துக்கொள்ளும். அடைமழைக்கு மறுநாள் இது சகஜம். 'ஸ்டாப்' விளக்கு வேறு ரகம். அது எரிந்தாக வேண்டும். அணைந்திருந்தால் கேட் திறக்கவும் செய்யாது, மூடவும் செய்யாது.

நம் நைட் ஷிஃப்ட்காரர் கதைக்கு வருவோம். கேட் திறந்தது, மூட மட்டும் மறுக்கிறது. பெரும்பாலும் இது 'ஃபோட்டோ' என்ற விளக்கின் விவகாரம். இரண்டு தூண்களிலும் எதிரெதிரே சின்னக் கறுப்புக் கண்கள் இருக்கின்றன அல்லவா? ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் எது மறித்தாலும் விளக்கு அணைந்துவிடும். மறிப்பது மனிதராக இருக்க வேண்டியதில்லை. ஒட்டடை, லாரி கிளப்பிய புழுதி, மழையில் தளதளவென்று வளர்ந்த செடியின் ஒரு கிளை போதும். உள்ளே கூடு கட்டிய எறும்பும், சூடு தேடிப் புகுந்த பல்லியும் தனி ரகம். முதலில் மெல்லிய துணியால் இரண்டு கண்களையும் துடையுங்கள். பாதி நேரம் அத்தோடு சரியாகிவிடும்.

துடைத்தும் விளக்கு எரியவில்லையா? மொபைலை எடுங்கள். கேமராவைத் திறந்து, கதிர் அனுப்பும் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் பல போன்களில் வெளிர் ஊதாப் புள்ளியாகத் தெரியும். பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். அதற்கு முன் டிவி ரிமோட்டை அழுத்தி, உங்கள் போனுக்கு அந்தத் திறமை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். புள்ளி தெரிந்தால் அனுப்பும் கண் உயிரோடு இருக்கிறது. வாங்கும் கண்ணோ, கோணமோ, ஒயரோதான் பிரச்னை. சாயங்காலம் மட்டும் மக்கர் செய்கிறதா? வாங்கும் கண் மேற்கு பார்த்து இருக்கிறதா என்று கவனியுங்கள். இறங்கு வெயில் நேராக அதற்குள் விழுந்தால் கதிரைப் பிரித்தறிய முடியாமல் திணறும். இரண்டு கண்களையும் இடம் மாற்றி மாட்டினால் தீர்ந்தது.

சில போர்டுகள் சிமிட்டும் எண்ணிக்கையிலேயே பேசும். இத்தாலியின் 'நைஸ்' நிறுவனத்தின் பல மாடல்களில், வெளியே இருக்கும் ஃபிளாஷர் விளக்கு இரண்டு முறை சிமிட்டி இடைவெளி விட்டால் ஃபோட்டோ சென்சார், மூன்று என்றால் கேட் எதிலோ மோதிய எதிர்ப்பு, நான்கு என்றால் ஸ்டாப். மற்ற கம்பெனிகளின் கணக்கு வேறு. கையேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் கேட் நகரவில்லை என்றால் கோளாறு இரும்பில் இருக்கலாம். மேனுவல் ரிலீஸ் சாவியைப் போட்டு மோட்டாரை விடுவித்துவிட்டு, கையால் தள்ளிப் பாருங்கள். கதவு கனக்கிறதா? கீல் துருப்பிடித்திருக்கும், அல்லது தூண் சாய்ந்திருக்கும். லேசாகத் தள்ள முடிகிறதென்றால் மோட்டாரையோ கெப்பாசிட்டரையோ சந்தேகிக்கலாம். தகடு அடித்து முழுக்க மூடிய கேட்டுகளுக்குக் காற்றும் எதிரி. புயல் நேரத்தில் காற்றின் அழுத்தத்தையே தடையென்று எண்ணி நின்றுவிடும். அது கோளாறே அல்ல.

பொய் சொல்லும் விளக்கு

இனிதான் முக்கியமான விஷயம். ஃபோட்டோ சென்சார் போய்விட்டது, புதியது வர நாளாகும் என்றால், போர்டில் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே விரல் நீள ஒயர் ஒன்றைப் போட்டு இணைத்துவிடுவது ஒரு குறுக்குவழி. 'லூப் அடிப்பது' என்பார்கள். அணைந்திருந்த விளக்கு உடனே எரியும். கேட் ஜம்மென்று மூடும். எல்லோருக்கும் திருப்தி. ஆனால், அந்த விளக்கு இனி எதையும் பார்த்துச் சொல்லவில்லை. குறுக்கே யார் நின்றாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். தற்காலிகமாகப் போட்ட ஒயர் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

கேட் மோட்டாரின் பலம் சாதாரணமானதல்ல. 2010-ல் பிரிட்டனில், மான்செஸ்டரிலும் வேல்ஸின் பிரிட்ஜெண்டிலும், ஒரு வாரத்துக்குள் இரண்டு சிறுமிகள் தானியங்கி கேட்டில் சிக்கி இறந்தார்கள். ஒரு குழந்தைக்கு ஆறு வயது, மற்றதற்கு ஐந்து. அவை பக்கவாட்டில் ஓடும் ஸ்லைடிங் கேட்டுகள். ஆனால், நசுக்கும் ஆபத்து ஸ்விங் கேட்டுக்கும் உண்டு. கீல் பக்கத்து இடுக்கில் அது இன்னும் மறைவாக இருக்கும். ஃபோட்டோ சென்சார் அந்த இடுக்கைப் பார்ப்பதே இல்லை. அந்த மரணங்களுக்குப் பிறகு, ஒரே ஒரு பாதுகாப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்று அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. ஐரோப்பாவின் இ.என். 12453 தரநிலைப்படி, குறுகிய இடைவெளியில் கேட் மோதும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. சுமார் 40 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் அது. அதுவும் முக்கால் நொடிக்குள் தளர்ந்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டு கேட்டில் லூப் அடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள போர்டைக்கூடத் திறக்க வேண்டாம். நீளமான ஒட்டடைக் கம்பு போதும். கேட் மூட ஆரம்பித்ததும், கதவு தொடாத தூரத்தில் நின்றுகொண்டு, கம்பின் நுனியை இரண்டு கண்களுக்கும் நடுவே நீட்டுங்கள். கேட் நிற்க வேண்டும், அல்லது திரும்பித் திறக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் மூடினால், மெயினை ஆஃப் செய்துவிட்டு, சென்சாரைச் சரிபார்க்கும் வரை கையால் திறந்து மூடுங்கள். நல்ல போர்டுகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. கேட் நகரும் முன் கதிரைத் தானே ஒரு கணம் அணைத்துப் பார்க்கும். அப்போதும் ஃபோட்டோ விளக்கு எரிந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று புரிந்துகொண்டு நகராது. 'ஃபோட்டோ டெஸ்ட்' எனப்படும் அந்த வசதி இருந்தால், அதை ஆன் செய்து தரச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கேட் ஒழுங்காக ஓடும் நாளில் செய்ய வேண்டியது. பாக்ஸைத் திறந்து, எந்தெந்த விளக்கு எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று தெளிவாக போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மக்கர் செய்யும் இரவில் அந்தப் படத்தையும் போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாறியிருக்கும் ஒற்றை விளக்கு கண்ணில் பட்டுவிடும். இரண்டு படங்களையும் மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எந்த உதிரி பாகத்தோடு வர வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு பிரின்ட் எடுத்து பாக்ஸ் மூடியின் உட்பக்கமும் ஒட்டிவிடுங்கள். மேனுவல் ரிலீஸ் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். கரன்ட் போய், பேட்டரியும் தீர்ந்துவிட்ட ராத்திரியில் எந்த விளக்கும் எரியாது. அப்போது கேட்டைச் சாத்த அந்தச் சாவிதான் வேண்டும்.