இத்தாலிய நகர விழாக்கள்

ஒரு நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் நிலப்படத்தில் காணலாம். அதன் மாளிகைகளையும் கோயில்களையும் ஓவியங்களில் காணலாம். ஆயின், அந்நாட்டு மக்களின் உள்ளத்தைக் காண விரும்புவோர், அவர்கள் விழாக் கொண்டாடும் நாளில் அவர்களிடையே சென்று நிற்றல் வேண்டும். ஐரோப்பாவின் தென்பகுதியில், நடுநிலக் கடலினுள் நீண்டு கிடக்கும் இத்தாலி நாடு இதற்கு நல்லதொரு சான்றாகும். 1861-ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு தோன்றுமுன் அந்நாடு பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. வெனிஸ், புளோரன்ஸ், சீயெனா முதலிய நகரங்கள் முற்காலத்தில் தனித்தனிக் குடியரசுகளாக விளங்கின. ஆதலின், ஒவ்வொரு நகருக்கும் தனி வரலாறும் தனிக் கொடியும் தனி விழாவும் உண்டு. அவற்றுட் சிலவற்றைப் பருவ முறைப்படி காண்போம்.

குளிர்காலத்தின் இறுதியில் வெனிஸ் நகரில் நடைபெறுவது ‘கார்னிவல்’ என்னும் விழா. ஈஸ்டர் திருநாளுக்கு முன் நாற்பது நாள் கிறித்தவர் நோன்பு காப்பர். அந்நோன்பு தொடங்குமுன் உண்டும் ஆடியும் மகிழ்தல் அவர்தம் வழக்கம். ‘புலால் விலக்குதல்’ என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்தே இவ்விழாவின் பெயர் பிறந்தது என்பர். வெனிஸ் மக்கள் அந்நாட்களில் முகமூடி அணிந்து தெருக்களில் உலவுவர். முகம் மறைந்தபின் செல்வர் யார், ஏழை யார் என்று அறிவது எங்ஙனம்? ஆண்டு முழுதும் விலகி நின்றோர் அச்சில நாட்களில் ஒன்றாகக் கலந்தனர். 1797-ஆம் ஆண்டில் நெப்போலியனால் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. விழாவும் நாளடைவில் மங்கி மறைந்தது. நெடுங்காலம் உறங்கிக் கிடந்த அது, 1979-ஆம் ஆண்டில்தான் மீண்டும் உயிர்பெற்றது.

இளவேனிற்காலத்தில் ஈஸ்டர் ஞாயிறன்று புளோரன்ஸ் நகரில் நடைபெறும் விழா வியப்புக்குரியது. வண்ணந்தீட்டிய உயர்ந்த வண்டியொன்றை வெள்ளை எருதுகள் பேராலயத்தின் முன் இழுத்து வருகின்றன. அவ்வண்டி முழுதும் வாணங்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஆலயத்தின் உள்ளே பலிபீடத்தின் அருகிலிருந்து வண்டிவரை ஒரு கம்பி கட்டப்பட்டிருக்கும். புறா வடிவில் அமைந்த வாணமொன்று அக்கம்பி வழியே சீறிப் பாய்ந்து வண்டிக்குத் தீ மூட்டும். உடனே வாணங்கள் வெடித்து வண்ணப் பொறிகளைச் சொரியும். புறா தடையின்றிச் சென்று திரும்பினால் அவ்வாண்டு விளைச்சல் பெருகும் என்பது அம்மக்களின் நம்பிக்கை.

கோடையில் நாம் காணவேண்டிய நகரம் சீயெனா. ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் அங்கு ‘பாலியோ’ என்னும் குதிரைப் பந்தயம் நடைபெறுகின்றது. அந்நகரம் 17 வட்டாரங்களாகப் பிரிந்துள்ளது. நத்தை, வாத்து, கழுகு என ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒரு சின்னமும் கொடியும் கோயிலும் உண்டு. ஒவ்வொரு பந்தயத்திலும் 10 வட்டாரங்களே கலந்துகொள்ளும். ஓடவிருக்கும் குதிரையை வட்டாரக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, குருவின் வாழ்த்தைப் பெறுவர். நகரின் நடுவிலுள்ள பெருஞ்சதுக்கத்தில் மண் பரப்பி, அதனை மும்முறை சுற்றி வரச் செய்வர். வீரர்க்குச் சேணம் கிடையாது. வீரன் கீழே விழுந்தாலும், குதிரை முதலில் எல்லையை அடைந்தால் வெற்றி அவ்வட்டாரத்திற்கே உரியது! பந்தயம் ஓரிரு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பரிசாகக் கிடைப்பதோ, ஓவியந்தீட்டிய பட்டுக்கொடி ஒன்றே. எனினும், அதனைப் பெற்ற மக்கள் மகிழ்ச்சியால் கண்ணீர் உகுப்பர். பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தடைப்பட்ட இப்பந்தயம், 2022-இல் மீண்டும் தொடங்கியபோது அந்நகர் மக்கள் எய்திய களிப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

கோடை இரவுகளில் வெரோனா நகரம் இசையால் நிறைந்திருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமர் கட்டிய வட்ட அரங்கம் அந்நகரின் நடுவே இன்றும் நிற்கின்றது. முற்காலத்தில் மனிதர் ஒருவரோடொருவர் பொருது மடிந்த களம் அது. இசைமேதை வெர்டி பிறந்து நூறாண்டு நிறைந்ததைப் போற்றி, 1913-ஆம் ஆண்டில் அவருடைய ‘ஆயிடா’ என்னும் இசைநாடகத்தை அங்கு நடத்தினர். அன்று தொடங்கிய இசைவிழா, போர்க்காலங்கள் போன்ற சில இடையீடுகள் நீங்கலாக, இன்றும் தொடர்ந்து நடைபெறுகின்றது. குருதி சிந்திய களம் இசை பெருகும் அரங்காக மாறியது போற்றத்தக்கதன்றோ?

கோடை கழியும் வேளையில், செப்டம்பர் 3-ஆம் நாள் மாலை, விதெர்போ நகரில் புனித ரோசாவின் விழா நடைபெறும். ஏறத்தாழ 30 மீட்டர் உயரமும் 5 டன் எடையும் உள்ள ஒளிக்கோபுரம் ஒன்றை நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர் தோள்மீது சுமந்து வருவர். தெருவிளக்குகளை அணைத்துவிடுவதால், இருளில் அக்கோபுரம் மட்டும் சுடர்விட்டு அசைந்து வரும். ஒருவர் கால் இடறினும் பலர் உயிருக்கு இடர் நேரும். ஆதலின், இறக்கும் தறுவாயில் உள்ளோர்க்கு அளிக்கும் ஆசியை அவர்கள் முன்னரே பெற்றுக்கொள்கின்றனர். இத்தகைய தோட்சுமை விழாக்களை யுனெஸ்கோ நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இவ்விழாக்களைத் தாங்கி நிற்பவை அவ்வவ்வூர் மக்களின் தோள்களே. ஊர் மக்கள் குறைந்துவிட்டால் விழாவின் நிலை யாதாகும்? இவ்வினாவுக்கு விடை காண மீண்டும் வெனிஸ் நகருக்குச் செல்வோம். 1575-ஆம் ஆண்டு முதல் 1577-ஆம் ஆண்டுவரை அந்நகரில் கொள்ளைநோய் பரவி, ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். நோய் நீங்கினால் மீட்பர் பெயரால் ஒரு கோயில் எழுப்புவதாக நகரத்தார் நேர்ந்துகொண்டனர். கட்டடக் கலைஞர் பல்லாடியோ அக்கோயிலை வகுத்தார். இன்றும் ஜூலை மாதத்து மூன்றாம் ஞாயிற்றையொட்டி, அகன்ற கால்வாயின் குறுக்கே மிதவைப் பாலம் அமைத்து, மக்கள் அக்கோயிலுக்கு நடந்து செல்கின்றனர். முந்திய இரவில் படகுகளில் விளக்கேற்றி, உறவினரோடு அமர்ந்து உண்டு, வாணவேடிக்கை காண்பர்.

அன்று கொள்ளைநோயால் மக்களை இழந்த வெனிஸ், இன்று நோயின்றியே மக்களை இழந்து வருகின்றது. 1951-ஆம் ஆண்டில் அதன் பழைய தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-ஆம் ஆண்டில் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கியது. குடியிருப்பு வீடுகள் பல பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன, வாடகை உயர்ந்தது, இளைஞர் வேலை தேடி வெளியேறினர். ஒருநாள் மட்டும் வந்து செல்வோர் கூட்டத்தைக் குறைக்கக் கருதிய நகராட்சி, 2024-ஆம் ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. விழாவைக் காண வருவோர் பெருகி, விழாவை நடத்துவோர் அருகிவிட்டால், எஞ்சுவது வெறுங்காட்சியே.

ஆகவே, பிற நாட்டு விழாக்களைக் காணச் செல்வோர் தம்மை விலை கொடுத்துக் காட்சி காண வந்தவராகக் கருதாது, அழைக்கப்பெற்ற விருந்தினராகக் கருதுதல் வேண்டும். கோயிலில் அமைதி காத்தலும், தெருவில் ஊராருக்கு வழிவிடுதலும், இயன்றவரை சில நாட்கள் தங்கி அவ்விழாவின் வரலாற்றைக் கேட்டறிதலும் விருந்தினர்க்குரிய பண்புகளாகும். பண்புடைய விருந்தினர் வருகையால் விழாவும் சிறக்கும், ஊரும் வாழும்.